ஆச்சி விரல் வைத்துப் படித்த பைபிள்

புறப்படும் முன்

போன மாதம் அலமாரியை ஒழித்துக்கொண்டிருந்தபோது ஆச்சியின் பைபிள் கைக்கு வந்தது. அட்டை எப்போதோ பிய்ந்துபோய், அதற்குப் பதில் பழைய சேலைத் துணியை வைத்து ஆச்சியே தைத்துப் போட்டிருந்தார்கள். முன்பக்கத்து வெற்றுத்தாள்களில் எங்கள் குடும்பத்தில் பிறந்தவர்கள், ஞானஸ்நானம் எடுத்தவர்கள், மரித்தவர்கள் எல்லோருடைய பெயரும் தேதியும் அவர்கள் கையெழுத்தில் இருக்கும். பெரியவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து புரட்டிப் பார்த்தாள். "என் பேரு இதுல இருக்காம்மா?" என்று கேட்டாள். கேட்கும்போது அவள் விரல் அவள் பெயரின்மேல்தான் இருந்தது. கடைசி வரி அதுதான். கை நடுங்க நடுங்க ஆச்சி எழுதியது. அதற்கு மூன்று வருஷம் கழித்து ஆச்சி போய்விட்டார்கள்.

அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. இந்த வருஷக் கடைசியில் அவளுக்குத் திடப்படுத்தல், சபையில் முழு அங்கத்தினராக ஏற்றுக்கொள்கிற ஆராதனை. பெங்களூரில் நாங்கள் ஆங்கில ஆராதனைக்குத்தான் போகிறோம், திடப்படுத்தல் வகுப்பும் ஆங்கிலத்தில்தான், விசுவாசப் பிரமாணத்தை ஒரு தடங்கல் இல்லாமல் சொல்கிறாள். ஜெபம் பண்ணுகிறாள். அதிலெல்லாம் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. ஆனால் அவளுக்காக ஆச்சி எழுதிவைத்ததை அவளால் படிக்க முடியவில்லை என்பது அன்றைக்கு ராத்திரி முழுக்கத் தொண்டையில் நின்றது. அவள்மேல் தப்பில்லை. நான்தான் சொல்லிக்கொடுக்கவில்லை.

மே மாத லீவு இருக்கிறது. அவருக்கு ஆபீஸில் விடமாட்டார்கள். சரி, நானே இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். திருநெல்வேலிப் பக்கத்து எங்கள் ஊருக்கு நேரே போகாமல், இந்த எழுத்தும் இந்த விசுவாசமும் எங்கள் வீட்டுக்கு எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே போவது என்று முடிவு. பைபிளை ஒரு துண்டில் சுற்றிக் கைப்பையில் வைத்திருக்கிறேன்.

முதல் நாள், செவ்வாய்: தரங்கம்பாடி

ராத்திரி ரயிலில் ஏறி காலையில் மயிலாடுதுறை. அங்கிருந்து பஸ். தரங்கம்பாடியில் இறங்கி அந்த வெள்ளை நகரவாசலைத் தாண்டியதும் சத்தமெல்லாம் குறைந்து கடல் சத்தம் மட்டும் கேட்கிறது. ராஜ வீதியில் வெயில் கொளுத்தியது. சின்னவன் நேராகக் கடலுக்கு ஓடினான். பெரியவள் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்றாள். டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டியது, அவர்கள் வந்தது வியாபாரத்துக்கு. கோட்டையைச் சீக்கிரமே பார்த்து முடித்துவிட்டோம்.

நான் வந்தது ஜெர்மன் மிஷனெரி சீகன்பால்குவுக்காக. 1706 ஜூலை 9-ஆம் தேதி அவரும் கூட வந்த மிஷனெரி புளூட்சோவும் இந்தக் கரையில் வந்து இறங்கினார்கள். மறுநாள் அவருக்கு இருபத்துநான்கு வயது முடிந்தது. சின்னவன் கணக்குப் போட்டு, "நம்ம சித்தப்பாவைவிட சின்னவரா?" என்றான். ஆமாம், சித்தப்பாவைவிடச் சின்னவர்தான். ஒரு எழுத்துகூடத் தெரியாமல் வந்தவர் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு பிள்ளையாக உட்கார்ந்து, மணலில் விரலால் 'அ', 'ஆ' எழுதிப் பழகியிருக்கிறார். இதைச் சொன்னபோது பெரியவள் ஒன்றும் பேசவில்லை, மணலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதிய எருசலேம் ஆலயத்துக்குள் நுழைந்தால் குளுமை. 1718-ல் பிரதிஷ்டை பண்ணியது. முகப்பில் டேனிஷ் ராஜாவின் முடிச்சின்னம் இருக்கிறது, உள்ளே பீடத்துக்கு முன்னால் சீகன்பால்கு அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார். கோயில் கட்டி முடித்த அடுத்த வருஷம், 1719 பிப்ரவரியில், முப்பத்தாறு வயதில் போய்விட்டார். அந்தப் பன்னிரண்டரை வருஷத்தில் என்னவெல்லாம் செய்திருக்கிறார் என்று நினைத்தால் மலைப்பாக இருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கு 1707-லேயே பள்ளிக்கூடம். அப்புறம் அச்சுக்கூடம். ஜெர்மனியில் ஹாலே என்ற ஊரில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிசு, அதில் அச்சடித்தால் காகிதம் கட்டுப்படியாகாது என்று இங்கேயே சின்ன எழுத்துகளாக வார்த்திருக்கிறார்கள். காகிதத்துக்கும் பக்கத்துப் பொறையாரில் ஒரு பட்டறை வைத்திருக்கிறார்கள், அந்த இடத்துக்குக் கடுதாசிப்பட்டறை என்றுதான் பெயர். 1715-ல் புதிய ஏற்பாடு முழுசும் தமிழில் அச்சாகிவிட்டது. பழைய ஏற்பாட்டில் ரூத் புஸ்தகம் வரைக்கும் மொழிபெயர்த்திருந்தார், அதோடு அவர் காலம் முடிந்தது, மீதியை அவருக்குப் பின்னால் வந்த சூல்ட்சே முடித்தார்.

எனக்கு அந்த ரூத் புஸ்தகத்தில் நின்றுபோன விஷயம் மனசை என்னவோ செய்கிறது. வேறே ஜனத்தில் பிறந்த ஒரு மருமகள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு வந்து, அவள் தேவனைத் தன் தேவனாக ஏற்றுக்கொண்ட கதை. அவர் கடைசியாகத் தமிழாக்கியது அதுதான்.

கோயில் பெஞ்சில் உட்கார்ந்து ஆச்சியின் பைபிளைத் திறந்து வைத்தேன். அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் அந்தப் புஸ்தகம் இருக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். பிள்ளைகள் இரண்டு பேரும் அமைதியாகப் பக்கத்தில் இருந்தார்கள்.

இரண்டாம் நாள், புதன்: தஞ்சாவூர்

இன்றைக்கு அதிகம் எழுத முடியாது. வெயிலில் சின்னவனுக்குத் தலைவலி வந்து, மத்தியானம் முழுக்க லாட்ஜில் இருந்தோம்.

காலையில் சிவகங்கைப் பூங்காவுக்குள் இருக்கிற சுவார்ட்ஸ் கோயிலைப் பார்த்தோம், சுவார்ட்ஸும் ஒரு ஜெர்மன் மிஷனெரிதான். 1779-ல் கட்டியது. உள்ளே ஒரு வெள்ளைப் பளிங்குச் சிற்பம், சுவார்ட்ஸ் மரணப் படுக்கையில் இருக்கிறார், சரபோஜி ராஜா பக்கத்தில் நிற்கிறார். தன்னைப் பிள்ளைபோல வளர்த்தவர் என்பதால் ராஜாவே லண்டனில் சொல்லிச் செய்வித்தது. ராஜா கடைசி வரைக்கும் கிறிஸ்தவராக மாறவில்லை. ஆனால் அந்த அன்பு கல்லில் இருக்கிறது. பெரியவள் அதன் முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

சுவார்ட்ஸ் திருநெல்வேலியிலிருந்து ஒரு பன்னிரண்டு வயதுப் பையனையும் தஞ்சைக்குக் கூட்டிவந்து படிக்கவைத்தார். அந்தப் பையன்தான் வேதநாயகம் சாஸ்திரியார். 1774-ல் பிறந்து 1864 வரை வாழ்ந்து, எழுதிக்கொண்டே இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிவில் நாம் எழுந்துநின்று பாடுகிற மங்களம் அவர் எழுதியது. அவர் வழிவந்தவர்கள் தலைமுறை தலைமுறையாக அவர் பாட்டுகளைக் காலட்சேபமாகப் பாடி வருகிறார்கள். புஸ்தகத்தில் இருந்தால் மட்டும் போதாது, ஒரு தொண்டையிலிருந்து இன்னொரு தொண்டைக்குப் போக வேண்டும் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்திருக்கிறது.

ராத்திரி பஸ்ஸில் திருநெல்வேலி. ஏறுவதற்கு முன்னால் பெரியவள் கேட்டாள், "அந்தப் பாட்டை ஆச்சி பாடுவாங்களா?" பாடுவார்கள். அடுப்படியில் மாவு ஆட்டிக்கொண்டே பாடுவார்கள். நான் பஸ்ஸில் அவளுக்கு மெதுவாகப் பாடிக் காட்டினேன், முதல் சரணத்துக்கு மேல் எனக்கே வார்த்தை வரவில்லை.

மூன்றாம் நாள், வியாழன்: பாளையங்கோட்டை

விடியற்காலையில் வந்து இறங்கி, அத்தை வீட்டில் குளித்துச் சாப்பிட்டுவிட்டு வெளியே கிளம்பினோம். அத்தையும் கூடவே வந்தார்கள்.

முதலில் குளோரிந்தா கோயில். சின்னக் கோயில். இங்கே பழைய ஆட்கள் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றுதான் சொல்வார்கள். கோகிலா என்ற மராட்டியப் பிராமணப் பெண், இளம் வயதில் விதவையானவர். உடன்கட்டை ஏறுவதிலிருந்து ஒரு ஆங்கிலேய அதிகாரி அவரைக் காப்பாற்றினார், அவரோடேயே பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டார். ஞானஸ்நானம் கேட்டபோது, அந்த அதிகாரியோடு திருமணம் இல்லாமல் வாழ்கிற காரணத்தால் சுவார்ட்ஸ் கொடுக்கவில்லை. அதிகாரி இறந்தபிறகு 1778-ல் கொடுத்தார். குளோரிந்தா என்று பெயர். அந்த அம்மாள் கைக்காசு போட்டு எழுப்பிய கோயிலை 1785-ல் சுவார்ட்ஸே வந்து பிரதிஷ்டை பண்ணினார். திருநெல்வேலிச் சீமையில் எங்கள் சபைகளுக்கெல்லாம் மூத்த கோயில் இது.

1780-ல் இந்தச் சபைக்கு ஒரு பதிவேடு எழுதியிருக்கிறார்கள். அதில் நாற்பது பேர் பெயர். பல சாதிகளைச் சேர்ந்தவர்கள், முதலிடத்தில் ஒரு விதவைப் பெண். அவரை ஒதுக்கிவைத்த ஊர் எத்தனையோ இருந்திருக்கும், அவர் பெயரிலேயே இன்றைக்குவரை கோயிலைச் சொல்கிற ஊர் இது. பெயர் எழுதிவைக்கிற பழக்கம் ஆச்சிக்கு எங்கிருந்து வந்தது என்று எனக்கு இங்கே வந்தபோதுதான் புரிந்தது. ஞானஸ்நானப் பதிவேடு, கலியாணப் பதிவேடு, அடக்கப் பதிவேடு என்று கோயிலில் எழுதினார்கள், அதைப் பார்த்து எங்கள் வீட்டுப் பெண்கள் பைபிளில் எழுதினார்கள்.

அப்புறம் ஊசிக்கோபுரம். கதீட்ரல் என்று சொன்னால் ஆட்டோக்காரர் யோசிப்பார், ஊசிக்கோபுரம் என்றால் உடனே வண்டியைத் திருப்புவார். ரேனியஸ் ஐயர் கட்டி 1826-ல் பிரதிஷ்டை பண்ணியது, பாதிரியாரை நாங்கள் ஐயர் என்றுதான் சொல்வோம். அவர் 1820-ல் இங்கே வந்தார், 1838-ல் மரித்தார். இடையில் எத்தனை ஊரில் பள்ளிக்கூடம்! ஜெபவீடு இருந்தால் அதிலேயே பள்ளிக்கூடம், சபையைப் பார்த்துக்கொள்கிற உபதேசியாரே வாத்தியார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம், திங்கட்கிழமை 'அ', 'ஆ'. கிறிஸ்தவர்களானதால் துரத்தப்பட்டவர்கள் குடியிருக்க நிலம் வாங்கிக் கொடுப்பதற்கு ஒரு தர்ம சங்கமும் 1830-ல் வைத்தார். இந்தச் சீமையில் கிறிஸ்தவர்கள் குடியேறிய ஊர்களைப் பெயரைக் கேட்டாலே தெரியும். சமாரியா, நாசரேத், பெத்லகேம், சுவிசேஷபுரம்.

அத்தை அந்தக் காலத்துப் பெண்கள் பள்ளி ஹாஸ்டலில் இருந்து படித்தவர்கள். கோயில் நிழலில் உட்கார்ந்து அவர்கள் சொன்னது: "எங்க அம்மைக்குப் படிக்கத் தெரியும். அவ அம்மைக்கும் தெரியும். அதுக்கு மேல தெரியாது பிள்ள. அவளுக்கு உபதேசியார் பெண்டாட்டி சொல்லிக்குடுத்தா, அவ இவளுக்குச் சொல்லிக்குடுத்தா, இவ எனக்குச் சொல்லிக்குடுத்தா." சொல்லிவிட்டு என் மகளைப் பார்த்தார்கள். என்னைப் பார்க்கவில்லை. ஆனால் அது எனக்குத்தான்.

தீமோத்தேயுவுக்குப் பவுல் எழுதும்போது, உன் பாட்டி லோவிசாளுக்கும் உன் தாய் ஐனிக்கேயாளுக்கும் இருந்த விசுவாசம் என்று பெயர் சொல்லி எழுதுகிறார். அப்பா பெயர் அங்கே வரவில்லை. பெண்கள் வழியாக வந்தது. இது எனக்குப் பாரமாகவும் இருக்கிறது, பெருமையாகவும் இருக்கிறது.

சாயங்காலம் அத்தை இன்னொன்றும் சொன்னார்கள். வெள்ளாளன்விளையில் 1874-ல் பிறந்த அசரியா, ஒரு கிராமத்து ஐயருடைய மகன், நம் ஆட்களே மிஷனெரிகளாகப் போக வேண்டும் என்று 1903-ல் இந்த ஊரில் மற்றவர்களோடு சேர்ந்து இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கினார். தெலுங்கு தேசத்துக்குப் போய், தெலுங்கு கற்று, 1912-ல் தோர்ணக்கல் பேராயராக ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர் அவர்தான். பெரியவள் குறுக்கே கேட்டாள், "அவர் பிள்ளைங்களுக்குத் தமிழ் தெரிஞ்சிருக்குமா?" அத்தை சிரித்துவிட்டார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை, ஆனால் நல்ல கேள்வி.

நான்காம் நாள், வெள்ளி: வடக்கன்குளம், இடையன்குடி, முதலூர்

காலை ஐந்தரைக்கே வண்டி எடுத்தோம். நாங்குநேரி, வள்ளியூர் வழியாக முதலில் வடக்கன்குளம். இது கத்தோலிக்கர் ஊர், எங்கள் சபை வழியில் வருவதில்லை. ஆனால் இரண்டு காரணத்துக்காகப் பிள்ளைகளைக் கூட்டிப்போக நினைத்தேன்.

ஒன்று, தேவசகாயம் பிள்ளை. திருவிதாங்கூர் அரசில் வேலை பார்த்தவர், 1745-ல் இந்த வடக்கன்குளத்தில்தான் ஞானஸ்நானம் பெற்றார். அதற்காக வருஷக்கணக்கில் அடியும் உதையும் பட்டு, 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். 2022 மே 15-ஆம் தேதி ரோமாபுரியில் அவரைப் புனிதராக அறிவித்தார்கள். இந்தக் கதையைச் சின்னவன் வாயைத் திறந்தபடி கேட்டான்.

இன்னொன்று சொல்வதற்குக் கஷ்டமான விஷயம், ஆனாலும் சொன்னேன். அதே வடக்கன்குளத்தில் 1872-ல் திருக்குடும்ப ஆலயம் கட்டியபோது, பீடத்திலிருந்து இரண்டு கையாகப் பிரித்து, நடுவில் தடுப்பு வைத்துக் கட்டினார்கள். ஒரு பக்கம் ஒரு சாதி, மறு பக்கம் மற்றவர்கள். ஒரே பூசை, ஒரே அப்பம், ஆனால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாது. 1910-ல் குருக்கள் அந்தத் தடுப்பை இடித்தார்கள். தடுப்பு வேண்டும் என்று கேட்டு வழக்குப் போட்டார்கள், மதராஸ் உயர் நீதிமன்றம் வரைக்கும் போய், தோற்றார்கள்.

பெரியவள் முகம் சுருங்கிவிட்டது. "கிறிஸ்தவங்களா இருந்துட்டு எப்படிம்மா?" என்றாள். நான் எங்கள் பக்கத்தையும் மறைக்கவில்லை. முந்தாநாள் மெச்சிப் பேசினோமே, அந்தச் சாஸ்திரியார்கூட கோயிலில் சாதி வித்தியாசம் வேண்டும் என்று வாதாடியவர்தான். இன்றைக்கும் கலியாணம் பேசும்போது முதலில் என்ன கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். தனித்தனிக் கல்லறைத் தோட்டம் இருக்கிற ஊர்களும் இருக்கின்றன. பாரம்பரியம் பாரம்பரியம் என்று எல்லாவற்றையும் அள்ளிக் கொடுக்கக் கூடாது, இது என்னோடு நிற்க வேண்டும் என்றுதான் அவளை அங்கே கூட்டிப்போனேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் இதைப் பேசலாமா என்று அத்தை நேற்று ராத்திரி தயங்கினார்கள். பேசியது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். தேவசகாயம் கதையை மட்டும் சொல்லி, இதை விட்டுவிட்டால், நாளைக்கு அவளே எங்கேயாவது படித்துவிட்டு, அம்மா ஏன் மறைத்தாள் என்று நினைப்பாள்.

அங்கிருந்து இடையன்குடி. தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கும், கால்டுவெல் ஐயர் அளந்து போட்டவை. 1841-ல் மதராஸிலிருந்து நடந்தே தெற்கே வந்து, இந்தச் சீமையில் ஏறத்தாழ ஐம்பது வருஷம் இருந்தார். கோயில் கட்ட மட்டும் முப்பத்துமூன்று வருஷம், 1880-ல் பிரதிஷ்டை. கொடைக்கானலில் 1891-ல் மரித்தார், உடலை இங்கே கொண்டுவந்து பீடத்தின் கீழே அடக்கம் பண்ணினார்கள். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய மனிதர் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் 1849-ல் எங்கள் சமுதாயத்தைப் பற்றி எழுதிய சிறு நூல் எங்கள் முன்னோரை எவ்வளவு காயப்படுத்தியது என்பதும் எங்களுக்குத் தெரியும். தாத்தா அதைச் சொல்லிச் சொல்லி ஆத்திரப்படுவார், அதே தாத்தா இந்தக் கோயிலுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத் தலை குனிந்து நிற்பார்.

எனக்கு அவருடைய மனைவி எலைசாவைத்தான் பிடிக்கும். அவருடைய அம்மா மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் லேஸ் பின்னலும் சொல்லிக்கொடுத்தவர். மகள் இடையன்குடிக்கு வாழ்க்கைப்பட்டு வந்து அதையே இங்கே செய்தார். அம்மாவிடம் கற்றதை மகள் இன்னொரு ஊருக்குக் கொண்டுபோனாள். எங்கள் ஆச்சியின் பைபிள் உறையில் ஓரமாக ஒரு விரல் அகலத்துக்கு லேஸ் வைத்துத் தைத்திருக்கிறது, அதைப் பெரியவள்தான் இன்றைக்குக் கவனித்துச் சொன்னாள். இத்தனை வருஷம் என் கண்ணில் படவில்லை.

முதலூரில் கொஞ்ச நேரம்தான். சாத்தான்குளம் பக்கத்துக் காலன்குடியில் பிறந்த டேவிட் சுந்தரானந்தம், கிறிஸ்தவர்களாகி அடிபட்டவர்களுக்காக 1799-ல் உண்டாக்கிய ஊர், முதல் ஊர் என்பதால் முதலூர். தேங்காய்ப்பாலில் கிண்டுகிற மஸ்கோத் அல்வாவும் இந்த ஊர்தான், பெரியம்மாவுக்கு ஒரு கிலோ வாங்கிக்கொண்டோம். பொழுது சாய எங்கள் ஊர்.

ஐந்தாம் நாள், சனி: எங்கள் ஊர்

தேரி ஓரத்து ஊர். செம்மண் மேடு, பனை, நடுவில் கோயில் கோபுரம். எங்கள் தெருவில் பதினாறு வீடு, அதில் பதினொன்று பூட்டிக் கிடக்கிறது. சென்னை, மும்பை, துபாய் என்று போனவர்கள் கிறிஸ்துமஸுக்கும் கோயில் விருந்தான அசனத்துக்கும் வருவார்கள். அப்போது மட்டும் கோயில் நிறையும், பெரிய பெரிய அண்டாவில் சோறும் கறியும் கொதிக்கும், ஊரே ஒரே பந்தியில் உட்காரும். மற்ற நாளில் பெரியம்மா மாதிரி ஆட்கள்தான்.

காலையில் பனையேறுகிற மாமா பதநீர் கொண்டுவந்தார், ஓலைப் பட்டையில் ஊற்றிக் குடித்தோம். எட்டரைக்குக் கோயில் மணி. விடுமுறை வேதாகமப் பள்ளியின் கடைசி நாள். சின்னவன் முதலில் வரமாட்டேன் என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். பத்து நிமிஷத்தில் காணவில்லை. எட்டிப் பார்த்தால் நாற்பது பிள்ளைகளுக்கு நடுவில் கையைத் தூக்கிக் குதித்துப் பாடிக்கொண்டிருக்கிறான், பாதி வார்த்தை தப்பு, ராகம் சரி. சொல்லிக்கொடுக்கிற பிள்ளைகளுக்கே பதினேழு பதினெட்டு வயதுதான் இருக்கும். காலேஜ் லீவுக்கு வந்தவர்கள், பத்து நாளும் சம்பளம் எதுவும் இல்லாமல் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்த விதத்தை நான் மறக்கமாட்டேன். ஒரு வார்த்தை அவள், அடுத்த வார்த்தை பிள்ளைகள், அப்புறம் இரண்டு இரண்டாக, கடைசியில் அவள் வாயை மூடிக்கொள்ள, பிள்ளைகள் முழுசும்.

பெரியவள் அதில் சேரவில்லை. வயது கூடிவிட்டது என்று ஒதுங்கி, பெரியம்மாவோடு முற்றத்தில் இருந்தாள். நான் திரும்பி வந்தபோது பார்த்த காட்சியை எழுதத்தான் இன்றைக்கு உட்கார்ந்தேன். பெரியம்மா வாசலில் செம்மணலைச் சுளகால் பரப்பி, குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஆச்சியின் பைபிள் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் திறந்திருக்கிறது. பெரியவளின் ஆள்காட்டி விரலைப் பெரியம்மா பிடித்து மணலில் இழுக்கிறார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை. தரங்கம்பாடிக் கதையையும் பெரியவள் சொன்னதாகத் தெரியவில்லை. "எனக்கு உங்க ஆச்சி இப்படித்தான் சொல்லிக்குடுத்தா. நான் வாக்கப்பட்டு வரும்போது மூணாப்புதான படிச்சிருந்தேன், பைபிள் வாசிக்கத் திணறுவேன்" என்றார்கள் பெரியம்மா. இது எனக்கே புதுச் செய்தி. பெரியம்மா ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிக்கிறதை நான் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன், மாமியார் மணலில் எழுதிக்காட்டிக் கற்றது அது என்று தெரியாது.

மத்தியானம் சாப்பிட்டுப் படுக்கப் போனபோதும் அவள் எழுந்திருக்கவில்லை. நான்கு மணிக்குத் தன் பெயரைப் படித்தாள். ஒவ்வொரு எழுத்தாக, ஆச்சி படிப்பது போலவே விரலை வைத்து. ஆச்சிக்குக் கண் மங்கிய பிறகும் விரல் வரியை விட்டு விலகாது, அதனால் சில பக்கங்களில் ஓரம் கறுத்து வழவழவென்று இருக்கும். பெரியவள் அந்தக் கறுத்த இடத்தைத் தடவிப் பார்த்து, "இது அழுக்கு இல்லையாம்மா?" என்றாள். இல்லை என்றேன், அதற்குமேல் என்னால் பேச முடியவில்லை.

சின்னவன் ஓடிவந்து என் பெயர் எங்கே என்று கேட்டான். அவன் பிறக்கும்முன் ஆச்சி போய்விட்டார்கள், நானும் எழுதவில்லை, எட்டு வருஷமாக அந்த வரி காலி. பெரியம்மா பேனாவை எடுத்துப் பெரியவள் கையில் கொடுத்தார்கள். "நீயே எழுது." மணலில் ஏழெட்டுத் தடவை எழுதிப் பார்த்துவிட்டு, பைபிளில் எழுதினாள். ஒரு புள்ளி விட்டுப்போய் அப்புறம் வைத்தாள். ஞானஸ்நானத் தேதியை நான் சொன்னேன். எண்களை மட்டும் படபடவென்று எழுதினாள்.

ஆறாம் நாள், ஞாயிறு: ஆராதனை

பிள்ளைகள் ஆராதனையில் பாடினார்கள். சின்னவன் இரண்டாம் வரிசையில். ஐயர் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார், பிள்ளைகள் பாடுகிற நாளில் பெரியவர்கள் அதிகம் பேசக் கூடாது என்றார். நல்ல மனுஷர்.

ஞானப்பாட்டு வரும்போது பெரியவள் புஸ்தகத்தைக் கையில் வைத்து முழிக்கவில்லை, பெரியம்மாவின் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். படித்தாள் என்று சொல்ல மாட்டேன். எழுத்துகளில் தெரிந்த முகத்தைத் தேடுகிற மாதிரி தேடினாள். அந்தப் பழைய மொழிபெயர்ப்புத் தமிழ் எனக்கே சில இடத்தில் கடினம், அவளுக்கு எப்போது வசப்படும் என்று தெரியாது. வருஷங்கள் ஆகும். ஆங்கில ஆராதனையை நாங்கள் விடப்போவதும் இல்லை, அவள் சிநேகிதிகள் அங்கேதான் இருக்கிறார்கள், அங்கேயும் கர்த்தர் இருக்கிறார். முடிவில் மங்களம் பாடினார்கள். தஞ்சாவூரில் கேட்டது என்று அவளுக்கு உடனே தெரிந்து என் கையை அழுத்தினாள்.

வெளியே காணிக்கைப் பொருள்கள் ஏலம். முதல் காய்த்த தேங்காய், ஒரு சேவல், முருங்கைக்கட்டு, முட்டை. ஒரு தேங்காயை நானூறு ரூபாய்க்கு ஒரு பெரியவர் எடுத்து, அதைத் திரும்ப ஏலத்துக்கே கொடுத்தார். சின்னவன் நுங்கு ஏலம் கேட்க வேண்டும் என்று துடித்தான், ஐம்பது ரூபாய்க்குக் கேட்டு எடுத்தும் விட்டான்.

பெரியம்மா ஒரு துணிப்பையில் அரிசி கொண்டுவந்து கொட்டியதைப் பார்த்து, ஏன் என்று கேட்டான். கைப்பிடி அரிசி. ஒவ்வொரு வேளையும் உலையில் அரிசி போடும் முன்னால் ஒரு பிடி எடுத்துத் தனிப்பானையில் போடுவார்கள். காசு கையில் இல்லாத பெண்கள் கொடுத்த காணிக்கை இது. இந்தப் பக்கத்துக் கோயில்கள் பலவற்றில் ஒரு பங்கு இப்படி வந்ததுதான். "ஒரு ஆளுக்குச் சமைக்கும்போதும் எடுப்பியளா?" என்று கேட்டேன். இப்போது பெரியம்மா தனியாகத்தானே இருக்கிறார்கள். "ஒரு ஆளுன்னா கர்த்தர் இல்லாம போயிருவாரா?" என்றார்கள்.

புறப்படும்போது கருப்பட்டி, நார்ப்பெட்டி, சீனிமிட்டாய் எல்லாம் கட்டிக்கொடுத்தார்கள். வண்டி தேரியைத் தாண்டும்வரை வாசலில் நின்றார்கள்.

பெங்களூர், நான்கு நாள் கழித்து

அடுப்படியில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் சின்னவன் ஒரு ஸ்டீல் தூக்குச்சட்டி வைத்திருக்கிறான். குக்கர் வைக்கும் முன்னால் அவன் வந்து கை நுழைக்க வேண்டும். அவன் வெளியே போயிருக்கும்போது நான் சமைத்தால் சண்டை. இரண்டு தடவை மறந்துவிட்டேன், ராத்திரி இரண்டு பிடி சேர்த்துப் போட்டான். பெரியவள் ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியம்மாவுக்குப் போன் பண்ணி மூன்று வசனம் படித்துக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு. முதல் ஞாயிறு இன்னும் வரவில்லை. இப்போது மேஜையில் ஆச்சியின் பைபிளைத் திறந்துவைத்து, ரூத் முதல் அதிகாரத்தில் விரல் வைத்து உட்கார்ந்திருக்கிறாள், 'ற'வுக்கும் 'ர'வுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கிறாள்.

தூக்குச்சட்டி கால்வாசி நிறைந்திருக்கிறது. இங்கே எங்கள் சபையில் அரிசி வாங்கிக்கொள்வார்களா, ஏலம் போடுவார்களா, ஒன்றும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை போய் ஐயரிடம் கேட்க வேண்டும்.